தங்க விளிம்பில் சந்தனம்

ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு அம்மா என்னிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான். “சந்தனத்தத் தண்ணியாக் கரை, கண்ணு.” பூ வாங்கினாயா, பொரி வாங்கினாயா, வீடு துடைத்தாயா, எதையும் கேட்கமாட்டாள். கண் மங்கிவிட்டது. டெக்சாஸில், இர்விங்கில் என் வீட்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடி இந்த ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லிவிட்டு மறுபடி வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவாள். நானும் தண்ணியாகவே கரைப்பேன். பொட்டு நிற்காது. வழியும்.

இந்த வருஷமும் வழிந்தது. என் மகளின் லேப்டாப் மூடிமேல் வைத்தது மெல்ல ஓரத்தில் சார்ஜர் செருகும் துளைப் பக்கம் இறங்கப் பார்த்தது. “அம்மா, நாட் நியர் த போர்ட், ப்ளீஸ்!” என்று அவள் ஓடி வந்து பேப்பர் டவலால் ஒற்றி எடுத்தாள்.

“என்னாச்சு? உள்ள போயிருச்சா?” என்று ஜன்னலோரத்திலிருந்து அம்மா கேட்டாள்.

“இல்லம்மா. மேலதான்.”

“சரி.”

பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த அலுப்பில் நானும் அதற்கு மேல் பேசவில்லை. பேசவேண்டியதைப் பேசாமலே விட்டுவிடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். எனக்கு அது கூச்சத்தால் வந்தது. அம்மாவுக்கு எதனால் வந்தது என்பதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

அப்போது நாங்கள் நியூஜெர்ஸியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். மாடியில் ஒரு அபார்ட்மென்ட். நான் நான்காம் வகுப்பு. அப்பா மருந்துத் தொழிற்சாலை வேலைக்காக ஈரோட்டிலிருந்து வந்தவர். வந்த சில வருஷங்களிலேயே சர்க்கரை அவருடைய சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் மாலையில் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகவேண்டும். நாலு மணி நேரம் அங்கே படுத்திருந்துவிட்டு, பிழிந்து உதறிய துணி மாதிரி திரும்பி வருவார். அந்த இடத்துக்கு பஸ் கிடையாது. டாக்ஸி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா சென்ட் பாட்டில் அடைக்கும் ஃபாக்டரியில் பகல் ஷிஃப்ட்டுக்குப் போனாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பக்கத்து பில்டிங் குஜராத்தி ஆன்ட்டியின் காரில்தான் அவளே வேலைக்குப் போய் வந்தாள்.

ஆக, எங்கள் வீடு ஓடியது மாமாவின் காரில்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. அவர்களுடைய அம்மா சீக்கிரமே இறந்துபோனதால் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தது அம்மாதான். படிக்க அமெரிக்கா வந்தவர், படிப்பு முடிந்ததும் கடைகளுக்கு பில் போடும் மெஷின் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து, எங்கள் ஹாலில் சோபாவில் படுத்துக்கொண்டார். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸிலிருந்து நேராக வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார். காத்திருக்கிற நேரத்தில் அங்கேயே உட்கார்ந்து ஏதாவது படிப்பார். கல்யாணப் பேச்சு வந்தால், “என் சோபாவுல இன்னொருத்தருக்கு எடம் இல்லீங்க” என்பார்.

அந்த வருஷம் வெயில் காலத்தில் மாமா ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூட வேலை பார்த்த ஜப்பான்காரர் ஒருவர் குடும்பத்தோடு ஊர் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. சூட்கேஸ் மாதிரி தட்டையாக இருந்தது. அதன் கரண்டு வேறு, நம் கரண்டு வேறு என்பதால் நடுவில் செங்கல் அளவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அது எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். குளிர் தொடங்கியதும் நான் அதன்மேல்தான் கையை வைத்துக்கொள்வேன். எங்கள் டிவியே அதற்குத் திரை. மாமா அதைத் தட்டத் தொடங்கிவிட்டால் வீட்டில் வேறு யாரும் டிவி பார்க்க முடியாது.

அது முதலில் இங்கிலீஷ் எழுத்தைத்தான் காட்டியது. ஜப்பான்காரன் செய்த மெஷினில் ஜப்பான் எழுத்து எங்கே என்று அப்பா கேட்டார். அதற்குத் தனியாக ஒரு கார்டு வேண்டும் என்றார் மாமா. ஜப்பானியர்களுக்கு எழுத்து ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றையும் புள்ளி புள்ளியாக உள்ளே வைத்துக்கொள்ள அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு இடம் போதாது. அதனால் எழுத்தின் வடிவங்களை மட்டும் சிப்புகளில் அடைத்து ஒரு பச்சை அட்டையில் பதித்துத் தனியாக விற்றார்கள். பின்பக்கம் ஒரு பிளவு இருக்கும். அதில் செருகினால் மெஷினுக்கு எழுத்தறிவு வந்துவிடும். உருவினால் போய்விடும்.

அந்தக் கார்டு ஜப்பானிலிருந்து தபாலில் வந்து சேர ரொம்ப நாள் ஆனது. வந்த அன்று மாமா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான் உறையைப் பிரித்தார். பச்சை அட்டை, கறுப்புச் சிப்புகள், கீழ் விளிம்பில் சீப்புப் பல் போல வரிசையாகத் தங்க நிறக் கோடுகள்.

“நெசத் தங்கமா மாமா?”

“முலாம்தான் அம்மிணி. ஆனா இங்கதான் உசுரு இருக்குது. இதுல மட்டும் யாரும் கை வெக்கக் கூடாது. அக்கா, உனக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

“நான் எதுக்கு உன் அட்டையத் தொடறேன்? எனக்கென்ன வேற வேலை இல்லயா?” என்றாள் அம்மா.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் இருந்தது. தடிமனான ஒரு புத்தகத்தில் அதைத் தேடி எடுத்துத் தட்டினால் டிவியில் எழுத்து வரும். மாமா எனக்கு மரத்தைக் காட்டினார். மரம் மாதிரியே இருந்தது. இரண்டு மரம் சேர்ந்தால் தோப்பு, மூன்று சேர்ந்தால் காடு. எனக்கு இங்கிலீஷைவிட இது நியாயமாகப் பட்டது. அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள்.

“அக்கான்னு எப்படி எழுதறதாம்?”

மாமா தேடித் தட்டினார். இரண்டு பாதியாக ஒரு எழுத்து வந்தது.

“இந்தப் பக்கம் இருக்கறது பொண்ணு. அந்தப் பக்கம் இருக்கறது சந்தை. ரெண்டும் சேந்தா அக்கா.”

“சரியாத்தான் எழுதியிருக்கான். சந்தைக்குப் போயி எல்லாத்தையும் தூக்கிட்டு வர்றவதான அக்கா” என்றாள் அம்மா. அப்பாகூடச் சிரித்தார். டயாலிசிஸ் இல்லாத நாள் அது.

அதற்குப் பிறகு மாமா மெஷினைப் போட்டதும் முதலில் அந்த எழுத்தைத்தான் தட்டுவார். அந்த ஒரு நம்பர் மட்டும் அவருக்கு மனப்பாடம். அக்கா வந்தால் கார்டு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகுதான் வேலை.

என்ன வேலை என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது. மாமாவின் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள். பில் போடும் மெஷினை அவர்கள் ஊர்க் கடைகளுக்கு வாங்கலாமா என்று பார்க்க வருகிறார்கள். அரிசி, மீன், சோப்பு எல்லாவற்றின் பெயரையும் அவர்கள் எழுத்திலேயே திரையில் காட்டினால் வாங்குவார்கள். கம்பெனியில் வேறு யாருக்கும் அதைச் செய்யத் தெரியாது. மாமா செய்து காட்டினால் அவரையே ஜப்பானுக்கு அனுப்புவதாக முதலாளி சொல்லியிருந்தார். காட்ட முடியாவிட்டால் பழையபடி இங்கேயே மெஷினில் பொத்தான் வேலை செய்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்க்கும் வேலை. மாமாவுக்கு அந்த வேலை எவ்வளவு அலுத்திருந்தது என்பது அவர் காலையில் ஷூ போடுகிற வேகத்தைப் பார்த்தாலே தெரியும்.

சாப்பிடும்போதுதான் இதைச் சொன்னார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“போனா எத்தன வருசம்?”

“மூணு வருசம்னு சொல்றாங்கக்கா.”

“அப்ப காரு?”

“இங்கதான் நிக்கும். நீ ஓட்டு.”

“நானா? எனக்கு சைக்கிளே வராது. குரங்குப் பெடல் போட்டு வாய்க்கால்ல உழுந்தவ நானு.”

“நான் சொல்லித் தரேன்.”

“தருவ தருவ” என்றாள் அம்மா. அப்பா இலையை மூடுகிற மாதிரித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார். அவருக்குச் சாப்பாடு எப்போதுமே அரைவயிறுதான் என்பதால் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு விசித்திரமான நல்ல பழக்கம் வந்தது. எல்லோரும் எல்லோரிடமும் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். மாமா கேட்காமலே குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டார். அம்மா கேட்காமலே அவர் சட்டையைத் தேய்த்து வைத்தாள். ஒரு சனிக்கிழமை மாமா அவளைக் காரில் உட்காரவைத்து, மூடிக் கிடந்த ஒரு கடையின் பார்க்கிங்கில் ஓட்டச் சொன்னார். நான் பின்சீட்டில் இருந்தேன். கார் தவளை மாதிரி இரண்டு தாவு தாவி நின்றது. அம்மா இறங்கி, கதவைச் சாத்தி, வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். மாமா காரைப் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கெஞ்சினார். அவள் ஏறவில்லை. பாதி தூரம் போனபிறகு, ஷிஃப்ட்டில் நின்று நின்று வீங்கிய கால் வலித்ததால் ஏறிக்கொண்டாள்.

“மூணு வருசம் நிமிசமாப் போயிரும்க்கா.”

“உன் மச்சானுக்கு நிமிசம் போறதே வருசமா இருக்குது.” அவள் முன்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஜப்பான்காரர்கள் வருவது விஜயதசமி அன்று காலை என்று முடிவானது. மாமா காலண்டரைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். புதிதாக எதையும் தொடங்க அதைவிட நல்ல நாள் எது? அம்மாவும் ஆமாம் என்றாள். ஆனால் விஜயதசமிக்கு முந்தைய நாள் ஆயுத பூஜை. அன்று வேலைக்கு உதவுகிற பொருள்களையெல்லாம் சாமி முன்னால் வைத்துப் பொட்டிட்டுக் கும்பிட்டால், மறுநாள் காலை மறு பூஜை செய்கிறவரை யாரும் அவற்றைத் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அது கண்டிப்பு. மாமா அதையும் ஒப்புக்கொண்டார். காலையில் ஆறு மணிக்கெல்லாம் எடுத்துக்கொள்ளலாம், ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு மெஷினோடு ஆபீஸ் போய்விடலாம் என்பது அவர் கணக்கு.

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் ஆயுத பூஜை செய்வதே ஒரு சாமர்த்தியம். பொரி கிடைக்காது. காலையில் பால் ஊற்றிச் சாப்பிடும் அரிசிப் பொரியை அட்டைப் பெட்டியிலிருந்து கொட்டிக் கடலையோடு கலப்பாள் அம்மா. அது லேசாக இனிக்கும். சாமி ஒன்றும் சொல்லவில்லை. திருஷ்டி கழிக்க வெள்ளைப் பூசணியும் கிடைக்காது. ஆனால் அக்டோபரில் ஊரெல்லாம் ஆரஞ்சுப் பூசணி குவிந்து கிடக்கும். அதில் ஒன்றின்மேல் கற்பூரம் கொளுத்திக் காரைச் சுற்றி மாமா பார்க்கிங்கில் போட்டு உடைத்தார். கீழ்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி எட்டிப் பார்த்து, ஹாலோவீனுக்கு இவ்வளவு முன்கூட்டியே தயாராகிறீர்களா, ரொம்ப நல்லது என்று கைதட்டினாள்.

இது பிறகு நடந்தது. முதலில் வீட்டுக்குள் பொட்டு வைத்தோம். அம்மா வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டுக் கிண்ணத்தில் சந்தனம் கரைத்தாள். நான் குங்குமச் சிமிழைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். அவள் பொட்டு வைப்பது பார்க்க அழகாக இருக்கும். மோதிர விரல் நுனியில் ஒரு துளி தொட்டு வைத்து எடுப்பாள். அச்சடித்த மாதிரி வட்டமாக நிற்கும். அரிவாள்மணை, கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, டிவி, டிரான்ஸ்ஃபார்மர், ராத்திரி ஊசியை மட்டும் தனியாக எடுத்துவைத்துவிட்ட அப்பாவின் இன்சுலின் பெட்டி, என் புத்தகங்கள், என் பென்சில் டப்பா. எதிலும் ஒரு துளி சிந்தவில்லை.

மாமா கார்டை உறையிலிருந்து எடுத்து ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்தார்.

“பச்சையா இருக்குதுல்ல, இந்த மூலைல, இங்க வெச்சுக்கோக்கா. கீழ மட்டும் வேண்டாம்.”

“தெரியும்டா. எத்தன தடவ சொல்லுவ?”

“இல்லக்கா, சும்மா…”

“போயி காரக் கொண்டாந்து வாசல்ல நிறுத்து. வெளிச்சம் இருக்கறப்பவே அதுக்கும் வெச்சிரலாம்.”

மாமா சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனார். அப்பா உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். அம்மா தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவள் உடனே பொட்டு வைக்கவில்லை. கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கை வலித்துச் சிமிழை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு அவள் கிண்ணத்தில் மோதிர விரலை விடாமல் மூன்று விரல்களையும் சேர்த்து விட்டாள். அடியில் தங்கியிருந்த கெட்டிச் சந்தனத்தை வழித்து எடுத்தாள். கார்டின் கீழ் விளிம்பில், அந்தத் தங்கக் கோடுகளின்மேல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்தாள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் இழுத்தாள். வீட்டு நிலைப்படியில் பூசுகிற மாதிரி. என்னிடமிருந்து குங்குமம் வாங்கி அதன்மேல் வைத்தாள். அப்புறம் பச்சை மூலையில், மாமா காட்டிய இடத்தில், ஒரு சின்ன வட்டப் பொட்டு.

மற்றதற்கெல்லாம் ஒரு துளி, மாமாவுடையதற்கு மட்டும் இவ்வளவு. தம்பி என்றால் அவளுக்கு எவ்வளவு ஆசை என்று நினைத்தேன். என் பென்சில் டப்பாவுக்கும் கொஞ்சம் கூட வைத்திருக்கலாம் என்றும் தோன்றியது. கேட்கக் கூச்சமாக இருந்தது.

தட்டின்மேல் இரண்டு சாமந்தியைப் போட்டுவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள்.

மறுநாள் காலை சீக்கிரமே விளக்கேற்றினாள். கற்பூரம் காட்டியதும், வழக்கப்படி நான் என் புத்தகத்தில் ஒரு பக்கத்தை உரக்கப் படித்தேன். அப்பா எழுந்து வந்து சோபாவில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். மாமா சட்டை, டை எல்லாம் போட்டுத் தயாராக நின்றார். அம்மா சமையலறை மேடைக்குப் போய் எல்லோருடைய டப்பாவிலும் தயிர்சாதம் அடைக்கத் தொடங்கினாள். ஹாலுக்கும் அவளுக்கும் நடுவில் இடுப்பளவு மேடை மட்டும்தான்.

மாமா பூவை எடுத்தார். கார்டை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு கைக்குட்டையால் துடைத்தார். சந்தனம் ராத்திரியே காய்ந்து இறுகியிருந்தது. மேலே இருந்தது உதிர்ந்தது. கோடுகளுக்கு இடையிலும் கோடுகளின்மேலும் அப்பியிருந்தது வரவில்லை. ஊதினார். மெஷினில் செருகி டிவியைப் போட்டார். அக்காவைத் தட்டினார்.

வெறும் கட்டம் வந்தது. இன்னொரு முறை தட்டினார். இன்னொரு கட்டம்.

உருவி எடுத்தார். நகத்தால் சுரண்டப் போய் நிறுத்திக்கொண்டார். முலாம் போய்விடும். தயிர் டப்பா மூடுகிற சத்தம் மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டது.

அவருக்கு ஆறுதல் சொல்லவேண்டும் போல எனக்கு இருந்தது. சாதாரணமாக நான் வாய் திறக்கிற பிள்ளை இல்லை. அன்று திறந்தேன்.

“அம்மா உங்களுக்குன்னுதான் மாமா நெறைய வெச்சாங்க. எங்களுக்கெல்லாம் ஒரு பொட்டுதான். உங்களுதுக்கு மட்டும் மூணு விரல்ல எடுத்துப் பூசுனாங்க, ரெண்டு பக்கமும்.”

டப்பா மூடும் சத்தம் நின்றது.

மாமா தலையைத் திருப்பவில்லை. கையிலிருந்த கார்டையே பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குழாயைத் திறந்து, கழுவி முடித்த கரண்டியை மறுபடி கழுவினாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் மூன்று பேரும் எவ்வளவோ பேசி முடித்துவிட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் குழாய்ச் சத்தம்தான் கேட்டது.

“ரப்பர் இருக்குதா அம்மிணி?” என்றார் மாமா. குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

பென்சில் டப்பாவைத் திறந்து என் ரப்பரைக் கொடுத்தேன். அதிலும் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. மாமா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, தங்கக் கோடுகளை ரப்பரால் தேய்க்கத் தொடங்கினார். ஒரே திசையில், பொறுமையாக, குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி. மஞ்சள் துகள் உதிர்ந்தது. வீடெல்லாம் சந்தன வாசனை.

மறுபடி செருகினார். இந்த முறை எழுத்து வந்தது. ஆனால் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இடைவெளி விட்டு, பல் போன சீப்பு மாதிரி வந்தது. பெண்ணும் முழுசாக இல்லை, சந்தையும் முழுசாக இல்லை.

“இன்னும் உள்ள இருக்குது” என்று முனகினார் மாமா. கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்பா போர்வையை விலக்கிவிட்டு எழுந்தார். அவர் எழுவதென்றால் முதலில் முழங்காலைப் பிடித்துக்கொள்வார், பிறகு சோபாக் கையை, பிறகு சுவரை. யாரும் உதவப் போகவில்லை. சாமி முன்னால் குனிந்து அவருடைய இன்சுலின் பெட்டியை எடுத்தார். ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சு சின்னச் சின்ன உறைகளில் அதில் இருக்கும். கைகொள்கிற மட்டும் அள்ளினார்.

“இந்தா மாப்ள. இது ஒரு எடுப்புல எடுத்துரும்.”

“மச்சான்…”

“தொடைடா. நேரமாகுது.”

மாமா ஒவ்வொரு உறையாகக் கிழித்துத் துடைத்தார். அப்பா பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி நின்று, டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையால் அடுத்த உறையை எடுத்து எடுத்துக் கொடுத்தார். மஞ்சளாகிப்போன பஞ்சுகள் தட்டில் சேர்ந்தன.

மூன்றாவது முறை செருகித் தட்டியதும் டிவியில் அக்கா வந்தாள். ஒரு புள்ளி குறையாமல், வெள்ளையாக, இடப்பக்கம் பெண், வலப்பக்கம் சந்தை.

நான் கைதட்டினேன். அம்மா மேடைக்குப் பின்னாலிருந்து டிவியைப் பார்த்தாள். கை ஈரத்தைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மாமா எல்லாவற்றையும் உருவிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஷூவை மெதுவாகப் போட்டார். அன்றைக்குப் பார்த்து மெதுவாக. பிறகு திரும்பி வந்து அவளிடம் டப்பாவை வாங்கிக்கொண்டார்.

“போயிட்டு வர்றேங்க்கா.”

“நல்லபடியாப் போயிட்டு வா” என்றாள். “சாப்பாட்ட மறந்து கார்லயே வெச்சிராத.”

கீழே குஜராத்தி ஆன்ட்டி ஹாரன் அடித்தாள். அம்மா பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். படியில் இறங்கும்போது அவளுக்கு ஒரு காலில் வெளியே போடும் செருப்பும் இன்னொன்றில் வீட்டுச் செருப்பும் இருந்ததை நான் பார்த்துச் சிரித்தேன்.

மாமாவுக்கு ஜப்பான் வேலை கிடைத்துவிட்டது. பொங்கல் முடிந்து, பனி முழங்கால் உயரம் கிடந்த ஒரு நாளில் புறப்பட்டார். அதற்குள் எல்லாச் சனி ஞாயிறும் அம்மாவுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். அவள் இறங்கி நடக்கவில்லை. முதல் டெஸ்ட்டில் தோற்றாள். இரண்டாவதில் லைசென்ஸ் வாங்கினாள். அப்புறம் அப்பா இருந்தவரை ஷிஃப்ட் முடித்து வந்து, வாரத்தில் மூன்று நாள் அவரை அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் மட்டும் ஏறமாட்டாள். சுற்றிச் சுற்றிச் சின்னத் தெருக்கள் வழியாகத்தான் போவாள். நான் பின்சீட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு போவேன். சிவப்பு விளக்கு வந்தால் அவள் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொள்வாள். பச்சை வந்ததும் அப்பா மெல்ல அவள் தோளைத் தட்டுவார்.

மாமா மூன்று வருஷத்துக்கென்று போனவர், அங்கேயே நின்றுவிட்டார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறார். அந்த விஜயதசமிக் காலையைப் பற்றி அவரும் அம்மாவும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இன்னும் சொல்லவேண்டியது அந்த ரப்பரைப் பற்றி. அன்று பள்ளிக்கூடத்தில் கணக்கில் ஒரு தப்பைச் செய்து அழித்தேன். தாளில் மஞ்சளாக ஒரு தீற்றல் விழுந்தது. டீச்சர் குனிந்து முகர்ந்து பார்த்து, நல்ல வாசனை என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குப் பிறகு தப்பில்லாத இடத்தில்கூட அழித்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா எனக்குப் புது ரப்பர் வாங்கி வந்தாள். எங்கள் வீட்டில் ஒன்று தீராமல் இன்னொன்று வந்ததே இல்லை. இளஞ்சிவப்பில், பழ வாசனையோடு, வகுப்பில் மற்ற பிள்ளைகள் வைத்திருப்பது மாதிரி. அந்தப் பழசைத் தூக்கிப் போட்டுவிடு என்றாள். மாட்டேன் என்றேன். எதற்கும் மாட்டேன் என்று சொல்லாதவள் நான். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கிவரச் சொல்வார்கள். அப்பாவுக்குக் கை நடுங்கும் என்பதால் அம்மாதான் போடுவாள். வேலையிலிருந்து வந்து உட்காரக்கூட விடாமல் நான் தாளை நீட்டுவேன். மார்க்கைப் பார்க்கச் சொல்லி அல்ல. அந்த மஞ்சளைக் காட்டத்தான். “மோந்து பாருங்கம்மா, இன்னும் போகல” என்பேன். அவள் மார்க்கைப் பார்க்காமல், தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல், சட்டென்று கையெழுத்தைப் போட்டுத் திருப்பித் தருவாள். வேலை அலுப்பு என்று நினைத்துக்கொள்வேன். அந்த ரப்பர் தீர்கிறவரை, ஒவ்வொரு தாளையும் அவளிடம்தான் கொண்டுபோய் நீட்டினேன்.